பொதுக் கணனிக்கூடத்திற் பழகும் முறை

பல்கலைக்கழகம் புகுந்து முதலாம் ஆண்டை முடித்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் அண்மையில் என்னைக் காண வந்தான். படிப்பைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் மகிழ்ச்சியோடு பேசிக்கொண்டிருந்தவன், கணனிக்கூடத்தைப் பற்றிய பேச்சு வந்ததும் முகத்தைச் சுளித்தான்.

"அங்கே சுவரிலே ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்கள், சேர். பதினெட்டுக் கட்டளைகள். எல்லாம் 'கூடாது', 'கூடாது' என்றே முடிகின்றன. படிக்கப் போகிறோமா, மறியற்சாலைக்குப் போகிறோமா என்று தெரியவில்லை" என்றான்.

நான் சிரித்தேன். ஆயினும் அவன் சென்றபின் அவனுடைய குறையை எண்ணிப் பார்த்தபோது, அதில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. காரணம் கூறப்படாத கட்டளை எவருக்கும் கசப்பாகவே இருக்கும். இளைஞருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், கணனிக்கூடங்களிலே காணப்படும் கட்டளைகளுள் பெரும்பாலானவற்றுக்குத் தக்க காரணங்கள் உண்டு. சிலவற்றுக்குச் சுவையான வரலாறுகளும் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் அக்கடதாசி வேறு விதமாகத் தோன்றும். ஆண்டுதோறும் நமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் பயன்படுமென்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

பங்குக் கிணறு

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பங்குக் கிணறு புதியதொன்றன்று. ஒரே கிணற்றிலே நாலைந்து குடும்பங்களுக்குப் பங்கிருக்கும். காணி உறுதியிலே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். இன்னார் இறைப்பது இன்ன நாள் என்று முறை வகுக்கப்பட்டிருக்கும். முறை தவறி ஒருவன் இறைத்துவிட்டால் இன்னொருவனுடைய பயிர் வாடும். கிணற்றிலே குப்பையை வீழ்த்தினால் வீழ்த்தியவனும் சேர்ந்தே அந்த நீரைப் பயன்படுத்த வேண்டிவரும்.

பல்கலைக்கழகத்துக் கணனிக்கூடமும் ஒரு பங்குக் கிணறுதான். வேறுபாடு ஒன்றே. கிணற்றுப் பங்காளிகள் ஒருவரையொருவர் அறிவர். முறை தவறினால் வேலியோரம் நின்று ஏசித் தீர்த்துவிடலாம். கணனிக்கூடத்துப் பங்காளிகளோ நூற்றுக்கணக்கானோர். காலையில் ஒரு கதிரையில் இருந்தவனை மாலையில் அதே கதிரையில் இருப்பவன் கண்டிருக்கவே மாட்டான். ஆகையினாற்றான் வாய்ச்சொல்லில் நிற்கவேண்டிய முறைகள் கடதாசியில் ஏறிச் சுவரிலே ஒட்டப்படுகின்றன.

கொடியிலே தொங்கிய நாடாக்கள்

முதலாவது கட்டளை முறை பற்றியது. "நேரப் பதிவு செய்தே இருக்கவேண்டும், கணனியைப் பூட்டிவிட்டு வெளியே செல்லக்கூடாது" என்று அது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

இக்கட்டளை ஏறத்தாழக் கணனியோடு கூடவே பிறந்தது எனலாம். இங்கிலாந்திலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுகூடத்தில், மோரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்ட "எட்சாக்" என்னும் கணனி, 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி முதன்முதலாக இயங்கிக் கணக்குச் செய்தது. சுமார் 3000 வால்வுகளைக் கொண்டு ஓர் அறையையே நிரப்பி நின்ற இயந்திரம் அது. இயந்திரம் ஒன்று, அதனை நாடிய ஆராய்ச்சியாளரோ பலர். அவர்கள் தங்கள் கணக்குகளைக் கடதாசி நாடாவிலே துளைகளாகப் பொறித்துக் கொண்டுவருவார்கள். நாடாவை வாசிக்கும் கருவிக்கு அருகே ஒரு கொடி கட்டப்பட்டிருந்தது. நாம் முற்றத்திலே துணி காயவிடும் கொடியைப் போன்றது அது. வந்தவர் தமது நாடாவை அதிலே தொங்கவிட்டுச் செல்வார். பகலிலே இயந்திரத்தைப் பொறுப்பேற்றிருந்தவர் கொடியிலிருந்து அடுத்த நாடாவை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்பார். இரவிலே, அதற்கென அனுமதி பெற்ற சிலர் மட்டும் தாமே இயந்திரத்தை இயக்கலாம். வழக்கமாக ஏதாவதொரு வால்வு பழுதாகும்வரை அந்த இரவு வேலை நடக்கும்.

இந்தச் சிறிய ஏற்பாட்டிலே இன்றைய கட்டளைகள் பல அடங்கியிருக்கின்றன. வரிசை உண்டு, பொறுப்பாளர் உண்டு, அனுமதி பெற்றவர் இன்னார் என்னும் வரையறையும் உண்டு. கொடிக்குப் பதிலாக இன்று பதிவேடு வந்திருக்கிறது. ஆனால் கொடியிலே இல்லாத ஒரு தீங்கும் புகுந்திருக்கிறது. கதிரையிலே புத்தகப்பையை வைத்துத் திரையைப் பூட்டிவிட்டு, ஒரு மணித்தியாலம் உணவுச்சாலையிற் பேசிக்கொண்டிருப்பதே அது. அந்த ஒரு மணித்தியாலமும் அக்கணனி எவருக்கும் பயன்படாது கிடக்கின்றது. பங்குக் கிணற்றிலே தானும் இறைக்காமல் பிறரையும் இறைக்கவிடாமல் துலாவைக் கட்டிவைப்பவனை ஊர் என்ன சொல்லும்?

கடவுச்சொல் பிறந்த இடம்

இரண்டாவது கட்டளை கடவுச்சொல்லைப் பற்றியது. "உமது கணக்கை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது" என்பது. நமது பிள்ளைகள் மிக எளிதாக மீறுவது இதனையே என்று நினைக்கின்றேன். தீய எண்ணத்தால் அன்று, நட்பினால் மீறுகின்றார்கள். "நண்பன் கேட்கும்போது எப்படி மறுப்பது?" என்பார்கள்.

இக்கட்டளையின் வரலாறு அமெரிக்காவிலே மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே தொடங்குகின்றது. அங்கே பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே நேரப் பகிர்வு முறைமை ஒன்றைச் செய்துகாட்டினர். பலர் தத்தம் தட்டச்சுக் கருவிகளின் முன்னே இருந்துகொண்டு ஒரே கணனியை ஒரே வேளையிற் பயன்படுத்துவதற்கு அது வழி செய்தது. கணனி ஒவ்வொருவருக்கும் ஒரு நொடியின் சிறு பங்கை மாறிமாறிக் கொடுக்கும். அது மிக விரைவாகச் சுழன்று வருவதால் ஒவ்வொருவருக்கும் கணனி முழுவதும் தமக்கே உரியது போலத் தோன்றும். ஆயின், பலருடைய கோப்புகள் ஓரிடத்தே கூடும்போது எது யாருடையது என்பதைக் காக்கவேண்டுமன்றோ? அதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது.

கடவுச்சொல் வந்த சிறிது காலத்திலேயே அதைக் கடக்கும் வழியும் வந்துவிட்டது. 1962ஆம் ஆண்டிலே அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு, வாரந்தோறும் வழங்கப்பட்ட கணனி நேரம் தமது ஆய்வுக்குப் போதவில்லை. எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் அவர் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். பிறருடைய கடவுச்சொற்கள் யாவும் அச்சாகி அவர் கைக்கு வந்தன. பிறகென்ன? பிறர் கணக்குகளிலே புகுந்து வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளின் பின்னர் இதனை அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். படிப்பின் மீதுள்ள ஆர்வத்தால் நடந்த காரியந்தான். எனினும் அளந்து கொடுக்கப்பட்ட நேரத்துக்கு மேல் ஒருவர் எடுத்தால், அது இன்னொருவருடைய பங்கிலிருந்தே வரவேண்டும்.

அதே முறைமையில் 1960களின் நடுப்பகுதியில் இன்னொரு நிகழ்ச்சி. ஒருநாள் கணனியிலே புகுந்த ஒவ்வொருவருக்கும் வழக்கமான அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்டப்பட்டன! கள்வர் எவரும் புகவில்லை. நடந்தது இதுதான். கோப்புகளைத் திருத்த உதவும் செயல்நிரலானது, திருத்தும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி அதற்கு எப்போதும் ஒரே பெயரை இடும். ஒரு கணக்கின் கீழ் ஒருவரே ஒரு வேளையில் வேலை செய்வார் என்னும் நினைப்போடு அது எழுதப்பட்டிருந்தது. நிருவாகத்தைச் சேர்ந்த இருவர் ஒரே கணக்கின் கீழ் ஒரே வேளையிலே திருத்த முற்பட்டனர். ஒருவர் திருத்தியது அறிவித்தல்; மற்றவர் திருத்தியது கடவுச்சொற் கோப்பு. இரண்டும் இடம் மாறிவிட்டன. 1990ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் பரிசைப் பெற்ற கோர்பாட்டோ, அதற்கான தமது பேருரையிலே இந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறினார்.

ஒரு கணக்கை இருவர் பகிர்வதிலுள்ள இடரை விளக்க இதனினும் நல்ல உதாரணம் வேண்டியதில்லை. நண்பன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் நமது பெயரிலே அவன் செய்வதெல்லாம் நாம் செய்ததாகவே பதியும். அவன் தவறுதலாக அழித்தாலும், உமது ஒப்படையைப் பார்த்து எழுதினாலும், தகாத ஒன்றை அனுப்பினாலும் விளக்கம் கேட்கப்படுபவர் நீரே. இது ஒழுக்கம் பற்றிய செய்தி மட்டுமன்று. நமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றி ஒரு கணனியிலே புகுவதைக் குற்றமாக்கியிருக்கின்றது. நண்பனுக்கு உதவ விரும்பினால் அருகிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம். அவனுக்கு நுழைவதில் இடர் இருந்தால் பொறுப்பாளரிடம் அழைத்துச் செல்லலாம். கடவுச்சொல்லைக் கொடுப்பது உதவியாகாது.

இதனோடு சேர்ந்த மற்றொன்று, எழும்போது கணக்கை மூடிவிட்டு எழுதல். பொதுக் கணனியிலே "கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளவா?" என்று திரை கேட்டால், "வேண்டாம்" என்றே விடையளிக்க வேண்டும். மின்னஞ்சலைத் திறந்தபடியே விட்டு எழுவது, பெட்டகத்தின் திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு ஒப்பானது.

ஒருவன் செய்த சோதனை

"அனுமதியின்றி எந்தச் செயல்நிரலையும் நிறுவக்கூடாது, பரிசோதிக்கப்படாத பென் ட்ரைவைச் செருகக்கூடாது" என்பது மூன்றாவது. "நான் என்ன நாசமா செய்யப்போகிறேன்?" என்று கேட்பவர்களுக்கு 1988ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும்.

அவ்வாண்டு நவம்பர் மாதம் 2ஆந் திகதி, கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவரான ரொபேட் மொறிஸ் என்பவர், தாமே ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவவல்ல செயல்நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அது கோப்புகளை அழிக்கவில்லை. ஆனால் ஒரே கணனியிலே மீண்டும் மீண்டும் புகுந்து பெருகியதால் கணனிகள் வேறொரு வேலையும் செய்ய இயலாது திணறின. ஏறத்தாழ 6000 கணனிகள் பாதிக்கப்பட்டன என்று அக்காலத்திலே மதிப்பிட்டனர். பரவுவதற்கு அது கையாண்ட வழிகளுள் ஒன்று, கடவுச்சொற்களை ஊகித்தல். பயனரின் பெயரையும், அப்பெயரைத் திருப்பி எழுதியதையும், நானூறுக்கு மேற்பட்ட சாதாரண சொற்களையும் ஒவ்வொன்றாக அது வைத்துப் பார்த்தது. தம் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தவர்கள் வாயிலைத் திறந்துவைத்திருந்தவர்கள் ஆனார்கள். மொறிஸ் 1990ஆம் ஆண்டிலே குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணித்தியாலச் சமூக சேவை, 10,050 டொலர் தண்டம் என்பன விதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் நல்லதொரு பேராசிரியராக விளங்கினார் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவர் கெட்டவரல்லர் என்பதனால் அவருடைய சோதனை பிறருக்குக் கேடு செய்யாது என்று எண்ணிவிட முடியாது.

பழுதை மறைத்தல்

நான்காவது கட்டளை, "பழுது ஏற்பட்டால் உடனே அறிவிக்கவேண்டும்" என்பது. இதைப் பலர் அஞ்சி மீறுகின்றனர். தம்மீது பழி வருமோ என்று பேசாமல் எழுந்து அடுத்த கணனிக்குப் போய்விடுகின்றனர். அவருக்குப் பின் வருபவர் அரை மணித்தியாலம் போராடிவிட்டு அவரும் எழுந்து செல்கிறார். இவ்வாறு ஒரு கணனி கிழமைக்கணக்கிற் கிடந்துவிடும்.

1947ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 9ஆந் திகதி ஹாவாட் பல்கலைக்கழகத்தின் "மார்க் 2" என்னும் கணக்கிடு பொறியிலே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டனர். அதனைக் கண்டவர்கள் எடுத்தெறிந்துவிட்டுப் போகவில்லை. அன்றைய குறிப்பேட்டிலே நேரத்தையும் இடத்தையும் எழுதி, அப்பூச்சியையே ஒட்டிவைத்தனர். அக்குறிப்பேடு இன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. நமது கூடங்களிலே அந்துப்பூச்சியைவிட எறும்பே மிகுதி. தேநீரும் இனிப்புப் பண்டமும் உள்ளே கொண்டுவரக்கூடாது என்னும் கட்டளை எறும்புகளின் பொருட்டும் எழுந்ததே. எறும்பு வந்துவிட்டாலும் ஒளிக்கவேண்டாம், எழுதிவையுங்கள்.

அச்சுப்பொறியின் கதையும் இத்தகையதே. முன்னே குறிப்பிட்ட மசாசூசெற்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே எல்லோருக்கும் பொதுவான ஓர் அச்சுப்பொறி இருந்தது. அதிலே அடிக்கடி கடதாசி சிக்கிக்கொள்ளும். அங்கே பணியாற்றிய ரிச்சட் ஸ்டோல்மன் என்பவர் ஒரு வழி கண்டார். கடதாசி சிக்கியதும், தமது பிரதிக்காகக் காத்திருக்கும் அனைவருடைய திரையிலும் செய்தி தோன்றுமாறு செய்தார். காத்திருப்பவர்களுள் யாராவது ஒருவர் எழுந்து சென்று சரிசெய்வார் அல்லவா? பொதுப்பொருளைப் பேணும் பொறுப்பை ஒரு பணியாளர் தலையிற் சுமத்தாமல், பயன்பெறுவோர் அனைவரிடமும் பகிர்ந்துவிட்ட நல்ல ஏற்பாடு அது.

விளையாட்டுப் பற்றி

"விளையாடக்கூடாது" என்னும் கட்டளையை நான் அத்துணைக் கண்டிப்போடு ஆதரிக்க மாட்டேன். கணனி விளையாட்டுகளே பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிற் பிறந்தவைதாம். கேம்பிறிட்ஜிலே அதே எட்சாக் இயந்திரத்தில், ஏ. எஸ். டக்ளஸ் என்பவர் 1952ஆம் ஆண்டிலே தமது ஆராய்ச்சிப் பட்டத்துக்கான வேலையின் பகுதியாக, புள்ளடியும் வட்டமும் இட்டு ஆடும் ஆட்டம் ஒன்றை அமைத்தார். மசாசூசெற்ஸ் நிறுவனத்திலே ஸ்ரீவ் ரசல் என்பவரும் நண்பர்களும் 1962ஆம் ஆண்டிலே விண்வெளிப் போர் விளையாட்டு ஒன்றை ஆக்கினர். அவற்றை ஆக்கியவர்கள் ஆக்கிக் கற்றார்கள் என்பதையும் மறத்தலாகாது. கூடம் வெறுமையாக இருக்கும்போது ஒருவன் சற்றே விளையாடினால் உலகம் கவிழ்ந்துவிடாது. வேலையோடு ஒருவர் வந்து நிற்கும்போதும் எழாமல் இருப்பதுதான் குற்றம்.

கட்டளை இடுவோருக்கும் ஒரு சொல்

இனி, கடதாசியை ஒட்டுபவர்களுக்கும் ஒரு சொல். கட்டளைகள் கூடத்தை மூடிவைப்பதற்காக அன்று, திறந்துவைப்பதற்காகவே இருக்கவேண்டும். அமெரிக்காவிலுள்ள டாட்மத் கல்லூரியிலே ஜோன் கெமெனி, தோமஸ் கேட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள், தம் மாணவர்களின் துணையோடு ஒரு நேரப் பகிர்வு முறைமையை அமைத்தனர். 1964ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி விடியற்புறம் நான்கு மணியளவில் அது இயங்கிற்று. இளைஞர் எளிதிற் கற்கும்பொருட்டு அவர்கள் ஆக்கிய "பேசிக்" என்னும் கணனி மொழியும் அன்றே பிறந்தது. அக்காலத்திற் கணனி நேரம் பொன்னினும் அரியது. எனினும், நூலகத்திலே மாணவன் தானே அடுக்குக்குச் சென்று நூலை எடுப்பது போல, எந்தத் துறை மாணவனும் கட்டணமின்றிக் கணனியைப் பயன்படுத்தலாம் என்பதே அவர்களுடைய கொள்கையாயிருந்தது. கெமெனி பின்னர் 1970ஆம் ஆண்டிலே அக்கல்லூரியின் தலைவரானார்.

ஆகையால், ஒரு கட்டளையை எழுதுமுன் "இது யாருக்குப் பயன்?" என்று கேட்டுப் பார்த்தல் நன்று. பயனில்லாத கட்டளையை நீக்கிவிடலாம். எஞ்சியவற்றுக்குப் பக்கத்திலே ஒருவரியிற் காரணமும் எழுதலாம். குறித்த நேரத்துக்குக் கூடத்தைத் திறப்பதும், பழுதை அறிவித்தவனைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் கட்டளை இடுவோர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளவேண்டிய கட்டளைகள். பழுதை அறிவித்து ஏச்சு வாங்கியவன் மறுமுறை வாய் திறக்க மாட்டான்.

இரண்டு மணித்தியாலங்கள்

அந்த மாணவன் மீண்டும் விடைபெற வந்தபோது, இவற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு இன்னொன்றையும் சொன்னேன்.

என்னிடம் தனிவகுப்பிற் கற்ற பெண்பிள்ளை ஒருத்தி வேறொரு பல்கலைக்கழகத்திலே படிக்கின்றாள். வீட்டிலே கணனி இல்லை. கைத்தொலைபேசியின் சிறிய திரையிலே ஒப்படையை எழுதி முடிக்க இயலாது. ஆகவே எல்லா வேலையையும் கணனிக்கூடத்திலேயே செய்கின்றாள். ஒருநாள் ஒப்படையை அனுப்புவதற்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது கூடத்துக்குப் போயிருக்கிறாள். கணனிகள் யாவும் பிடிபட்டிருந்தன. ஆனால் ஆறு கதிரைகளிலே ஆட்கள் இல்லை; பைகளே இருந்தன. திரைகள் பூட்டியிருந்தன. பிறருடைய பையை எடுத்து அப்பால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வாசலிலே நின்று பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டாள். ஒப்படை மறுநாள் போய்ச் சேர்ந்தது, புள்ளிகள் குறைக்கப்பட்டன. இதை அவள் முறைப்பாடாகக்கூடச் சொல்லவில்லை. புள்ளி ஏன் குறைந்தது என்று நான் கேட்டதற்கு விடையாகச் சொன்னாள்.

"பொதுக் கிணறு வற்றினால், வீட்டிலே கிணறு உள்ளவனுக்கு ஒன்றும் இல்லை. இல்லாதவர்களுக்காகத்தான் அந்தக் கடதாசி" என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "என்னிடம் மடிக்கணனி இருக்கிறது, சேர். நான் பின்னேரங்களில் அங்கே போகாமல் விடலாந்தானே?" என்று கேட்டான்.

"போகாமல் விடவேண்டியதில்லை. அது உனக்கும் உரிய இடம். போய் இரு. ஆனால் வாசற்பக்கம் பார்த்தபடி இரு. யாராவது வந்து நின்றால் எழுந்துவிடு" என்று சொல்லி அனுப்பினேன்.